கையில் முறிந்த போல்ட்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், பொம்மசந்திரத் தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்திருப்பது ஹெப்பகோடி. ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த இவ்வூரில் இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கின்றன. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் மெட்ரோ இரயிலும் இவ்வூர் வழியாக ஓடுகின்றது. ஆயினும் சொந்த மோட்டார் வண்டியின்மீது மக்களுக்குள்ள பற்று இரயிலால் குறைந்துவிடவில்லை. வண்டியின் சிறு பழுதுகளைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டுமென்னும் ஆவலும் பலருக்கு உண்டு. எண்ணெய் மாற்றுவது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைப்பது, காற்று வடிகட்டியைப் புதுப்பிப்பது ஆகியவை ஞாயிற்றுக்கிழமை வேலைகள். இவ்வேலைகளின் நடுவே நேரும் ஒரு விபத்தையும் அதன் பின்னுள்ள பௌதிகத்தையும் இங்கே ஆராய்வோம்.

இயந்திரத்தின் வால்வு மூடியின் ஓரத்தில் எண்ணெய் கசிகின்றது என்று வைத்துக்கொள்வோம். மூடியைக் கழற்றி, நைந்துபோன கேஸ்கெட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, மீண்டும் மூடவேண்டும். வேலை எளிது, கேஸ்கெட்டின் விலையும் அதிகமில்லை. மூடியை அழுத்திப் பிடிப்பவை சில சிறு போல்ட்டுகள். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் பருமனுள்ளது. வண்டிக்காரர் கவனமுள்ளவர். துருப்பிடிக்காமல் இருக்கட்டுமென்று ஒவ்வொரு போல்ட்டின் மரையிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறார். திரும்பவும் கசியக்கூடாதே என்று சற்று அழுத்தமாகவே முடுக்குகிறார். ஏழாவது போல்ட்டில் ஸ்பானர் திடீரென்று இலேசாகின்றது. போல்ட்டின் தலை கையோடு வந்துவிடுகின்றது; தண்டு அலுமினியத்தினுள்ளே தங்கிவிடுகின்றது. ஒரு மணி நேரத்தில் முடியவேண்டிய வேலை, இயந்திரத்தின் தலைப்பாகத்தைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோகும் வேலையாக மாறிவிடுகின்றது.

முரட்டுக் கை என்று அண்டை வீட்டார் சொல்லுவர். ஆனால் அவரை ஏமாற்றியவை அவர் விட்ட எண்ணெயும், உராய்வு என்னும் இயற்கை நியதியுமே. அது எவ்வாறு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

போல்ட் செய்யும் வேலை

ஒரு போல்ட்டை முடுக்கும்போது அது இரு பாகங்களைச் சேர்த்துக் கட்டுகின்றது என்பது யாவரும் அறிந்ததே. அது எவ்வாறு கட்டுகின்றது என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. போல்ட் ஓர் உறுதியான வில். முடுக்க முடுக்க அதன் தண்டு மிகச் சிறிய அளவில் நீளுகின்றது. நீண்ட தண்டு தன் பழைய நீளத்திற்குத் திரும்ப முயல்வதால் இரு பாகங்களும் ஒன்றோடொன்று அழுத்தப்படுகின்றன. ஆகவே நமக்கு வேண்டியது அந்த நீட்சியே. ஆனால் நீட்சியை நம்மால் காணமுடியாது. கைக்குத் தெரிவது ஸ்பானரைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசை ஒன்றுதான்.

இங்கேதான் தொல்லை தொடங்குகின்றது. நாம் செலுத்தும் முறுக்குவிசையைப் பத்துப் பங்காகப் பிரித்தால், ஏறத்தாழ ஐந்து பங்கு போல்ட்டின் தலைக்கும் அதன் கீழுள்ள பரப்புக்கும் இடையேயுள்ள உராய்விற்குப் போய்விடுகின்றது. இன்னும் நான்கு பங்கு மரைகளின் உராய்வில் செலவாகின்றது. தண்டை இழுத்து நீட்டுவதற்கு மிஞ்சுவது ஒரு பங்கே. உராய்வு சிறிதளவு குறைந்தாலும் அந்த மீதம் முழுவதும் தண்டின்மேல் சென்று விழுகின்றது. பத்தில் ஒன்பது பங்காக இருந்த உராய்வு எட்டாகக் குறைந்தால், ஒன்றாக இருந்த இழுவிசை இரண்டாகிவிடும் என்பதை நினைவிற் கொள்க.

எண்களைக் கொண்டு பார்ப்போம். 6 மில்லிமீட்டர் போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருப்பதைப் பல வண்டிகளில் காணலாம். இவ்வெண்கள் வெறும் அடையாளக்குறிகள் அல்ல. முதல் எண்ணை நூறால் பெருக்கினால் 800 வரும். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பில் 800 நியூட்டன் இழுவிசை வந்தால் அந்த எஃகு அறும் என்பது பொருள். புள்ளிக்குப் பின்னுள்ள எட்டு, அந்த 800இல் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640 நியூட்டனில் எஃகு மீளாமல் நீளத் தொடங்கும் என்பதைக் குறிக்கின்றது. இப்போல்ட்டின் மரைப்பகுதியில் விசையைத் தாங்கும் பரப்பு சுமார் 20 சதுர மில்லிமீட்டர். ஆகவே ஏறக்குறைய 1,300 கிலோகிராம் எடையளவு இழுப்பில் அது நிரந்தரமாக நீளத் தொடங்கும். சுமார் 1,640 கிலோகிராமில் அறுந்துவிடும்.

இத்தகைய போல்ட்டுக்குப் பொதுவாக விதிக்கப்படும் முறுக்குவிசை 10 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். உலர்ந்த மரையில் இவ்வளவு முடுக்கினால் தண்டில் ஏறத்தாழ 850 கிலோகிராம் எடையளவு இழுவிசை பிறக்கும். பென்சிலைவிட மெல்லிய ஒரு தண்டு, சிறிய மோட்டார் வண்டியொன்றின் எடையைத் தாங்கி நிற்கின்றது என்பது வியப்பிற்குரியதே. அதே போல்ட்டின் மரையிலும் தலையின் கீழும் நல்ல எண்ணெயோ பசையோ தடவிவிட்டு, அதே 10 நியூட்டன் மீட்டரைச் செலுத்தினால் இழுவிசை 1,400 கிலோகிராமை எட்டக்கூடும். எஃகு மீளும் எல்லையை இது தாண்டிவிட்டது. கையில் எவ்வித வேறுபாடும் தெரியாது. கருவியின் முள்ளும் அதே எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

இனி நம் வண்டிக்காரரின் கை எவ்வளவு விசையைச் செலுத்தியிருக்கும்? 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 15 கிலோகிராம் எடையளவு அழுத்துவது யாருக்கும் கடினமன்று. காய்கறிப் பையொன்றைத் தூக்குவது போன்றதே. அதனால் விளையும் முறுக்குவிசை சுமார் 30 நியூட்டன் மீட்டர். தேவைக்கு மூன்று மடங்கு. வண்டிச் சக்கரத்தின் நட்டை இறுக்க ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் வேண்டும். சக்கரத்திற்குப் பழகிய கை வால்வு மூடிக்கு வரும்போது தன் பலத்தைக் குறைத்துக்கொள்ள மறந்துவிடுகின்றது.

உராய்வைப் பற்றி இவ்வளவு சொல்லும்போது, எண்ணெயே கூடாது என்று பொருள்கொள்ளலாகாது. சில போல்ட்டுகளுக்கு எண்ணெய் தடவியே முடுக்கவேண்டுமென்று வண்டியின் கைந்நூலில் எழுதியிருக்கும். அங்கே தரப்பட்ட முறுக்குவிசை எண்ணெயைக் கணக்கில் கொண்டது. வேறு சிலவற்றிற்கு உலர்ந்த மரை என்று இருக்கும். ஸ்பார்க் பிளக்குகளின் மரைமீது ஏற்கெனவே பூச்சு ஒன்று இருப்பதால், மேற்கொண்டு பசை தடவவேண்டாம் என்று அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள் சில எச்சரிக்கின்றன. காரணம் மேலே கண்ட கணக்கே.

முறுக்குவிசையை அளந்து காட்டும் ஸ்பானர் முதலில் மோட்டார் வண்டிக்காகத் தோன்றியதன்று. 1918ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் தண்ணீர்த் துறையில் பணியாற்றிய கான்ராட் பார் என்பவர், தெருக்களின் அடியில் செல்லும் குழாய்களின் போல்ட்டுகளை ஆட்கள் அளவுமீறி முடுக்கிவிடுவதைத் தடுக்கவே அதனை அமைத்தார் என்பர். இன்று நம் மெக்கானிக்குகள் அதனை டார்க் ரெஞ்ச் என்கின்றனர். சிறு போல்ட்டுகளுக்கென்று சிறிய அளவுடையதைத் தனியே வாங்கவேண்டும். சக்கர நட்டுக்கு ஏற்ற பெரிய கருவி 10 நியூட்டன் மீட்டரைத் துல்லியமாகக் காட்டமாட்டாது.

எங்கே முறிகின்றது?

முறிந்த போல்ட்டுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு இடங்களில் அவை அறுந்திருப்பதைக் காணலாம். ஒன்று, தலையும் தண்டும் சேரும் மூலை. மற்றொன்று, துளையின் வாயிலுள்ள முதல் மரை. மரைகள் யாவும் பாரத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்வதில்லை. முதல் மரையே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைச் சுமக்கின்றது. அன்றியும் மரையின் அடி ஒரு கூர்மையான பள்ளம். விசை அங்கே குவிகின்றது.

அகன்ற தகடொன்றில் சிறு வட்டத் துளை இருந்தால், அத்தகட்டை இழுக்கும்போது துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும். துளை வட்டமாக இல்லாமல் நீண்டு ஒடுங்கியதாக இருந்தால் நிலைமை இன்னும் கடுமை. 1913ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பொறியியல் அறிஞர் இங்கிலிஸ் இதனைக் கணிதத்தால் நிறுவினார்: முனை எவ்வளவு கூர்மையோ, அங்கே குவியும் தகைவு அவ்வளவு பெரிது. 1921இல் கிரிபித் என்பவர் கண்ணாடி ஏன் அதன் கணக்குப்படி இருக்கவேண்டிய வலிமையில் சிறு பகுதியையே காட்டுகின்றது என்பதற்கு, அதிலுள்ள நுண்ணிய கீறல்களே காரணம் என்று விளக்கினார்.

இதே விதி பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பொருந்தும். வண்டியின் மின் இணைப்புகளில் கொக்கிபோன்ற சிறு நாக்கு ஒன்று இருக்கின்றதல்லவா? பழைய வண்டியில் அதை விரலால் அழுத்தியவுடன் பட்டென்று ஒடிந்துவிடும். ஒடியும் இடம் எப்போதும் நாக்கின் அடி மூலை. புதிதாக இருந்தபோது அந்த நைலான் சற்றே ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்தது, அதனால் வளைந்துகொடுத்தது. இயந்திரத்தின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து ஈரம் வற்றி, பிராணவாயுவின் தாக்குதலால் அதன் நீண்ட மூலக்கூறுகளும் துண்டுபட்டுப் போனபின் வளையும் குணம் போய்விடுகின்றது. ரேடியேட்டரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் வடிகுழாய்த் திருகும் இவ்வாறே உடைகின்றது. அதைத் திருகுமுன் ரேடியேட்டர் முற்றிலும் ஆறியிருக்கவேண்டும் என்பதையும் சொல்லிவைப்பது நலம். ஹெப்பகோடி கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ளது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடிய ரேடியேட்டரில் அழுத்தத்தின் காரணமாக நூறு டிகிரிக்கு மேலும் கொதியாமல் நிற்கும் நீர், மூடியைத் திறந்த கணமே ஆவியாகிச் சீறும்.

கழற்றும்போது

முடுக்கும்போது மட்டுமின்றிக் கழற்றும்போதும் போல்ட்டுகள் முறிகின்றன. காரணம் வேறு. இன்றைய வண்டிகளில் இயந்திரத்தின் தலைப்பாகம் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. பழைய அம்பாசடர் வண்டியில் அது வார்ப்பிரும்பு. முரட்டு வேலையை ஓரளவு பொறுத்துக்கொண்டது. எஃகுப் போல்ட்டும் அலுமினியமும் ஈரத்தின் முன்னிலையில் சேர்ந்திருந்தால் சிறிய மின்கலம் ஒன்று உண்டாகின்றது. அதில் அரிக்கப்படுவது அலுமினியம். அரிப்பினால் தோன்றும் வெண்பொடி, அது உண்டாவதற்கு முன்னிருந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மரையிடுக்கில் ஆப்புபோல் இறுகிவிடுகின்றது.

இதற்கு முதல் மருந்து பொறுமை. ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரவு காத்திருக்கவேண்டும். பிறகு எடுத்த எடுப்பில் கழற்றும் திசையில் இழுக்காமல், ஒரு மயிரிழை முடுக்கிப் பார்த்து, பின்பு கால் சுற்றுக் கழற்றி, மறுபடியும் உள்ளே திருப்பி, இவ்வாறு முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்கவேண்டும். இரண்டாவது மருந்து வெப்பம். அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையக்கூடியது. 6 மில்லிமீட்டர் துளையைச் சுற்றியுள்ள அலுமினியத்தையும் போல்ட்டையும் நூறு டிகிரி சூடேற்றினால், துளை போல்ட்டைவிட மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்குக்குச் சற்று அதிகமாக அகலும். மிகச் சிறிய அளவுதான். இறுகிய பொடியின் பிடியைத் தளர்த்த அது போதும். எனினும் பெட்ரோல் ஆவி உறைபனிக் குளிரிலும் தீப்பற்றக்கூடியது. ஊடுருவும் எண்ணெயும் எரியும். ஆதலால் வீட்டு வாசலில் தீச்சுடரை உபயோகிப்பதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். அது பட்டறையில் செய்யவேண்டிய வேலை.

ஸ்பார்க் பிளக்கு விஷயத்தில் முறை மாறும். சூடான அலுமினியம் மென்மையாக இருப்பதால், இயந்திரம் ஆறுமுன் பிளக்கைத் திருகினால் துளையின் மரையே உரிந்து வந்துவிடும்.

கழற்றுபவர் எவ்வளவு திறமையுடையவராயினும் முறிவைத் தடுக்கமுடியாத சந்தர்ப்பங்களும் உண்டு. அமெரிக்காவில் போர்டு நிறுவனம் 2004 முதல் சில ஆண்டுகள் தன் பெரிய வண்டிகளில் பொருத்திய 5.4 லிட்டர் இயந்திரம் இதற்குச் சிறந்த உதாரணம். அதன் ஸ்பார்க் பிளக்கு இரு துண்டுகளை இணைத்துச் செய்யப்பட்டது. அடித்துண்டு நீண்ட மெல்லிய குழல். எரிபொருளின் கரி அக்குழலைச் சுற்றிப் படிந்து துளையோடு ஒட்டவைத்துவிடும். மேல்துண்டைத் திருகினால் அது மட்டும் வெளியே வர, குழல் உள்ளே நின்றுவிடும். வீட்டில் வேலை செய்தோர் மட்டுமன்றி அனுபவமிக்க மெக்கானிக்குகளும் இதில் அகப்பட்டனர். இறுதியில் 2008இல் அந்நிறுவனமே ஒரு முறையை வகுத்து வெளியிட்டது: பிளக்கை எட்டிலொரு பங்கு முதல் கால் சுற்று வரை மட்டும் தளர்த்துக, கரியைக் கரைக்கும் திரவத்தை விடுக, கால் மணி நேரம் ஊறவிடுக, பின்னர் முன்னும் பின்னும் அசைத்து மெல்ல எடுக்க. துருவேறிய போல்ட்டுக்கு நம் ஊர்ப் பட்டறைகளில் செய்யும் வைத்தியமும் ஏறக்குறைய இதுவே.

முறிந்தபின்

துளைக்கு வெளியே தண்டு சிறிது நீட்டிக்கொண்டிருந்தால் நல்லகாலம். அதன்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்துவிட்டால், அந்த வெப்பமே பிடியைத் தளர்த்த, நட்டைத் திருகியே தண்டை எடுத்துவிடலாம். உள்ளே அமிழ்ந்திருந்தால் அதன் நடுவில் துளையிட்டு, எதிர்மரை வெட்டிய கருவியைச் செலுத்தி எடுக்கவேண்டும். துளை நடுவினின்று சற்றே விலகினாலும் பக்கத்திலுள்ள அலுமினியம் வெட்டுப்படும். அனுபவமில்லாதவர் கெடுப்பது பெரும்பாலும் இக்கட்டத்தில்தான். எதிர்மரைக் கருவி மிகக் கடினமான எஃகால் ஆனது. கடினமாயிருப்பதால் நொறுங்கும் தன்மையும் உடையது. அதுவும் உள்ளே முறிந்துவிட்டால் சாதாரணத் துளைக் கருவி அதில் ஏறாது.

அந்நிலையிலும் வழியில்லாமற் போகவில்லை. 1943ஆம் ஆண்டில் சோவியத் விஞ்ஞானிகளான லாசரென்கோ தம்பதியர், மின்பொறியினால் உலோகம் அரிக்கப்படுவதைத் தடுக்க ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவ்வரிப்பையே ஒரு கருவியாகப் பயன்படுத்தலாம் என்று கண்டனர். திரவத்தில் அமிழ்ந்த மின்வாய் ஒன்று, பொறிக்கு மேல் பொறியாக விட்டு, எவ்வளவு கடினமான எஃகையும் துகள் துகளாக அகற்றும். துளைகளில் முறிந்து சிக்கிக்கொண்ட கருவிகளை எடுப்பது இம்முறையின் ஆரம்பகாலப் பயன்களுள் ஒன்று. அச்சுகளும் வார்ப்புக் கருவிகளும் செய்யும் பட்டறைகளில் இவ்வியந்திரம் இருப்பது வழக்கம். தொழிற்பேட்டைக்கு அருகில் வசிப்பதில் இப்படியும் ஓர் அனுகூலம் உண்டு.

போல்ட்டை எடுத்தபின் அதன் இடத்தில் எதை வைப்பது என்பது அடுத்த கேள்வி. கடையில் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் போல்ட்டை எடுத்து மாட்டுவது வழக்கமாகிவிட்டது. 5/16 அங்குலப் போல்ட்டின் பருமன் 7.94 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர்ப் போல்ட்டின் அருகே வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் மரையின் இடைவெளி வேறு. இரண்டு சுற்று ஏறியபின் இறுகும். அதையும் மீறித் திருகினால் அலுமினிய மரை அழிந்துவிடும். பருமனும் மரையும் பொருந்தினாலும் தலையிலுள்ள எண் பொருந்தவேண்டும். 4.6 என்று குறித்த மென்மையான போல்ட், 8.8 செய்த வேலையில் பாதியைத்தான் தாங்கும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1367 இவ்வகைப் போல்ட்டுகளின் வலிமையையும் குறியையும் வரையறுத்திருக்கின்றது. குறியில்லாத போல்ட்டை வண்டியின் முக்கிய இடங்களில் உபயோகிப்பதற்கு நியாயமே கிடையாது.

கண்ணளவை நம்பியதன் விளைவு ஒருமுறை வானில் தெரிந்தது. 1990ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி பர்மிங்காமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமொன்றின் முன்கண்ணாடி பறக்கும்போதே பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானியின் உடலில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. சகாக்கள் பிடித்துக்கொண்டதால் அவர் உயிர் பிழைத்தார். முந்திய நாள்தான் அக்கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84, தேவையான பருமனைவிட மில்லிமீட்டரில் முக்கால் பங்குக்கும் குறைவான அளவே மெல்லியவை. பழைய போல்ட்டோடு ஒப்பிட்டுக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அவை.

மோட்டார் வண்டியில் இதற்கு ஒப்பான இடங்கள் பிரேக், திருப்புச் சக்கரம், சக்கரங்களின் பிடிப்பு ஆகிய மூன்று. பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றும் பிளீடர் திருகு நடுவில் பொள்ளலானது; சுவர் மெல்லியது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையதாதலால் உட்புறத்திலும் துரு ஏறியிருக்கும். அத்திருகு முறிந்தால் வண்டியை அப்படியே நிறுத்தி, மெக்கானிக்கை வண்டியிருக்கும் இடத்திற்கு வரவழைக்கவேண்டும். பட்டறை அடுத்த தெருவில் இருப்பினும் ஓட்டிச் செல்லலாகாது.

வால்வு மூடியின் போல்ட்டுக்கு அவ்வளவு அச்சம் தேவையில்லை. மரை அழிந்த துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, துருப்பிடியாத எஃகுக் கம்பியால் ஆன சுருள் ஒன்றை அதனுள் திருகிவிடுவார்கள். சுருளின் உட்புறம் பழைய 6 மில்லிமீட்டர் மரையாகவே அமையும். மென்மையான அலுமினியத்தில் நேரே வெட்டிய மரையைவிட இது பெரும்பாலும் வலிமை மிக்கது. அடுத்த முறை மூடியைக் கழற்றும்போது, பக்கத்திலுள்ள பழுதுறாத துளைகளைவிட இப்பழுதுபார்த்த துளையே அதிகம் தாங்கும். அதில் மாட்டும் போல்ட்டுக்கோ அதே 10 நியூட்டன் மீட்டர்தான்.